மெயினைக் கேட்பது யார்?

சி அல்லது சி++ மொழியில் எழுதிய நிரல் ஓடும் நிலைக்கு வருமுன் இரண்டு பேரின் கையைத் தாண்ட வேண்டும். முதலில் கம்பைலர், பிறகு லிங்கர். விடுபட்ட அரைப்புள்ளி, அறிவிக்காத மாறி, பொருந்தாத வகை எல்லாம் முதல் இடத்திலேயே பிடிபட்டுவிடும். அங்கே ஒரு குறையும் இல்லாமல் தாண்டி வந்த நிரலை லிங்கர் நிறுத்தி, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு மெயின்’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவது உண்டு. விஷுவல் ஸ்டுடியோவில் அதே மறுப்பு எல்என்கே1561 என்ற எண்ணோடு, ‘என்ட்ரி பாயின்ட் மஸ்ட் பி டிஃபைன்ட்’ என்று வரும். நிரலுக்கு நுழைவுப் புள்ளி இல்லை என்பதே இரண்டின் சாரம். எழுதிய வரிகளில் தவறு எதுவும் இல்லாமலே இந்தப் பிழை வரலாம். எழுதாத ஒன்றைப் பற்றிய புகார் இது. மூலக் கோப்பை எத்தனை முறை திரும்பப் படித்தாலும் அது கண்ணில் படாததற்குக் காரணமும் அதுவே. கம்பைலர் சொல்லும் பிழைக்கு வரி எண் உண்டு. இல்லாத வரிக்கு எண் கிடையாது.

கம்பைலர் ஒரு தடவைக்கு ஒரு மூலக் கோப்பை மட்டுமே பார்க்கிறது. பக்கத்துக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆயிரம் கோப்புகள் கொண்ட நிரலில் ஒன்றைத் திருத்தினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால் போதும் என்ற வசதி இந்த அறியாமையிலிருந்து வருவது. ஒரு ஃபங்ஷன் அழைக்கப்பட்டு அதன் உடல் அந்தக் கோப்பில் இல்லாவிட்டாலும் கம்பைலர் வேலையை நிறுத்துவதில்லை. முகவரி வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, இந்தப் பெயருக்கு உரியது வேறெங்கோ இருக்கிறது என்று குறித்து வைத்துவிட்டு ஆப்ஜெக்ட் கோப்பை முடித்துக் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும் இயந்திரக் கட்டளைகளோடு ஒரு பெயர்ப் பட்டியலும் சேர்ந்தே வருகிறது. தன்னிடம் இருக்கும் பெயர்கள் ஒரு பக்கம், தனக்கு வேண்டிய பெயர்கள் மறுபக்கம்.

இந்தப் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்துவது லிங்கரின் வேலை. நீதிமன்ற வாசலில் நின்று டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போன்றது அது. வழக்கு என்ன, வந்தவர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். கூப்பிட்ட பெயருக்கு யாராவது குரல் கொடுக்கிறார்களா என்பதே அவர் கணக்கு. லிங்கருக்கும் ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்பது தெரியாது. சி மொழியைப் பொறுத்தவரை அது எத்தனை அளபுருக்களை வாங்குகிறது, எதைத் திருப்பித் தருகிறது என்பதுகூடத் தெரியாது. பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் காலி இடத்தில் முகவரி எழுதப்படும். பொருந்தாவிட்டால் நிரல் திரும்பிவிடும்.

ஒரு பெயரை யாராவது கேட்டிருந்தால்தான் அது இல்லை என்று லிங்கர் சொல்லும். யாருமே கேட்காத பெயர் இல்லாமல் போனால் அது வாய் திறப்பதில்லை. மெயின் என்ற ஃபங்ஷனையோ நிரலை எழுதியவர் தன் வரிகளில் எங்கும் அழைப்பதில்லை. சி++ மொழியில் அப்படி அழைக்க அனுமதியே இல்லை. அப்படியானால் மெயின் வேண்டும் என்று கேட்டது யார்? இந்தப் பிழையின் விளக்கமும் தீர்வும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகின்றன.

லினக்ஸில் பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் விடை அதிலேயே கிடைக்கும். மெயின் இல்லை என்று சொல்லும் வரியை ஒட்டி சிஆர்டி1.ஓ அல்லது எஸ்சிஆர்டி1.ஓ என்று ஒரு கோப்பின் பெயரும், அதற்குள் ‘_ஸ்டார்ட்’ என்ற ஃபங்ஷனின் பெயரும் இருக்கும். நிரலாளர் எழுதாத, பெரும்பாலும் பார்த்தேயிராத கோப்பு அது. சி லைப்ரரியோடு சேர்ந்து வருவது. ஓடக்கூடிய நிரல் ஒன்றை உண்டாக்கச் சொன்னால் ஜிசிசி கம்பைலர் இந்தக் கோப்பையும் இதன் கூட்டாளிகளான சில சிறு கோப்புகளையும் தானாகவே லிங்கரிடம் சேர்த்துக் கொடுக்கிறது. ‘-வி’ என்ற தெரிவைச் சேர்த்து கம்பைல் செய்தால் லிங்கருக்குப் போகும் முழுக் கட்டளையும் திரையில் வரும், சிஆர்டி1.ஓ அதில் முன்வரிசையில் நிற்பதைக் காணலாம்.

நிரல் ஓடத் தொடங்கும் வரிசையும் அங்கிருந்துதான் புரியவரும். லினக்ஸில் ஓடக்கூடிய கோப்புகள் இஎல்எஃப் என்ற அமைப்பில் இருக்கும். அதன் முகப்பில், 64 பிட் கோப்பானால் 24ஆவது பைட்டிலிருந்து எட்டு பைட்டுகளில், நுழைவுப் புள்ளியின் முகவரி எழுதப்பட்டிருக்கும். ‘ரீட்எல்ஃப் -எச்’ என்ற கட்டளை அதைப் படித்துக் காட்டும். கெர்னல் கோப்பை நினைவகத்தில் ஏற்றுகிறது. பகிர்வு லைப்ரரிகள் தேவைப்படும் நிரலானால் முதலில் டைனமிக் லிங்கர் ஓடி அவற்றை இணைக்கிறது. அதன் பிறகு கட்டுப்பாடு முகப்பில் எழுதிய முகவரிக்குத் தாவுகிறது. அந்த முகவரியில் இருப்பது மெயின் அல்ல, _ஸ்டார்ட். கட்டளை வரியில் வந்த சொற்கள் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன என்பதை அது ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஸ்டாக்கை 16 பைட் எல்லைக்கு ஒழுங்குபடுத்துகிறது. பிறகு மெயினின் முகவரியைக் கையில் கொடுத்து சி லைப்ரரியின் தொடக்க ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த ஃபங்ஷன் முன்னேற்பாடுகளை முடித்து, சி++ நிரலானால் உலகளாவிய பொருட்களின் கன்ஸ்ட்ரக்டர்களை ஓடவிட்டு, அதற்குப் பின்னரே மெயினை அழைக்கிறது. மெயின் திருப்பித் தந்த எண்ணோடு நிரலை முடித்துவைப்பதும் அதுதான்.

பாடநூல்கள் நிரலின் முதல் அடி என்று அறிமுகப்படுத்தும் மெயின், உண்மையில் பல அடிகள் கடந்த பின் வருவது. நிரலின் தொடக்கம் நிரலுக்குள் ஊறியிருக்கும் பண்பாகத் தோன்றினாலும் அது வெளியாட்களோடு செய்துகொண்ட உடன்பாடு. கெர்னல் முகப்பில் ஒரு முகவரியை எதிர்பார்க்கிறது. லிங்கர் அந்த முகவரியை எழுத _ஸ்டார்ட் என்ற பெயரை எதிர்பார்க்கிறது. _ஸ்டார்ட் மெயின் என்ற பெயரை எதிர்பார்க்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் தொடக்கம் இல்லை. எந்தக் கண்ணி விட்டது என்பதைப் பொறுத்து செய்தி மாறும். செய்தி மாறினால் தீர்வும் மாறும்.

உடன்பாட்டின் கடைசிக் கண்ணிக்கு மெயின் என்ற பெயர் வந்தது சி மொழிக்கு முன்பே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் நிரல் ‘ஸ்டார்ட்’ என்ற ஃபங்ஷனிலிருந்து ஓடியது. அதன் வழியில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அமைத்த பி மொழியில் அந்த இடத்துக்கு மெயின் வந்தது. டென்னிஸ் ரிச்சியின் சி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய பாடநூலின் முதல் எடுத்துக்காட்டு நிரலோடு உலகம் முழுக்கப் பரவிய பெயர் அது. ஃபோர்ட்ரானிலும் பாஸ்கலிலும் முதன்மை நிரலுக்கென்று தனி இலக்கண வடிவம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் தெரியும். சி மொழியில் அப்படி எதுவும் இல்லை. எல்லா ஃபங்ஷன்களும் ஒரே சாதி. பெயரைக்கொண்டு மட்டுமே ஒன்று முதலாவதாகிறது. இலக்கணம் காக்க வேண்டியதைப் பெயரிடம் ஒப்படைத்ததால், அதைச் சரிபார்க்கும் பொறுப்பும் இலக்கணம் அறிந்த கம்பைலரை விட்டுப் பெயர் மட்டும் அறிந்த லிங்கரிடம் போய்ச் சேர்ந்தது.

மெயின் இல்லாமல் போகும் காரணங்களில் முதன்மையானது, அது தேவையே இல்லாத இடத்தில் கேட்கப்படுவது. உதவி ஃபங்ஷன்கள் மட்டும் உள்ள கோப்பு ஒன்றை ‘ஜிசிசி’ என்று சொல்லிக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், கம்பைலர் அதை ஓடக்கூடிய நிரலாக ஆக்கச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளும். உடனே சிஆர்டி1.ஓ வந்து சேரும்; அது மெயினைக் கேட்கும். இங்கே செய்ய வேண்டியது ‘-சி’ என்ற தெரிவைச் சேர்ப்பது. அப்போது வேலை ஆப்ஜெக்ட் கோப்போடு நின்றுவிடும், லிங்கர் அழைக்கப்படாது. பகிர்வு லைப்ரரி வேண்டுமானால் ‘-ஷேர்ட்’ என்று கொடுக்க வேண்டும், அப்போது சிஆர்டி1.ஓ சேர்க்கப்படுவதில்லை, மெயினைக் கேட்க ஆளும் இல்லை. சிமேக் கோப்பில் நிரல் என்று அறிவித்ததை லைப்ரரி என்று மாற்றுவதும், விஷுவல் ஸ்டுடியோவில் திட்டத்தின் வகையை டிஎல்எல் அல்லது ஸ்டாட்டிக் லைப்ரரி என்று மாற்றுவதும் இதே திருத்தத்தின் வேறு வடிவங்கள்.

அடுத்த காரணம், மெயின் இருக்கிறது, ஆனால் லிங்கரிடம் வந்து சேரவில்லை. மேக்ஃபைலில் ஆப்ஜெக்ட் கோப்புகளின் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கும். சிமேக்கில் புதிய கோப்பைச் சேர்க்க மறந்திருக்கும். கோட் எடிட்டரில் நிரலை எழுதிவிட்டுச் சேமிக்காமலே கம்பைல் செய்வதும் இந்த வகை. திரையில் முழு நிரல் தெரியும். வட்டில் இருப்பதோ காலிக் கோப்பு. காலிக் கோப்பில் இலக்கணப் பிழை இருக்க வழியில்லை. கம்பைலர் அதை ஒழுங்காகவே கடத்திவிடும், லிங்கர் மெயினைத் தேடித் திரும்பும். ‘-ஓ’ தெரிவைத் தவறான இடத்தில் வைப்பது இன்னும் ஆபத்தானது. அதற்குப் பின் வரும் பெயர் வெளியீட்டுக் கோப்பின் பெயர். அங்கே மெயின் உள்ள மூலக் கோப்பின் பெயரை எழுதிவிட்டால் அது உள்ளீடாகக் கொள்ளப்படாது. மெயின் இல்லை என்று பிழை வருவதோடு, லிங்கர் அந்தக் கோப்பைத் தன் வெளியீடு என்று கருதித் துடைத்துவிடவும் கூடும்.

மூன்றாவது காரணம், மெயின் வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் வரவில்லை. விரல் தவறி எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். சி# மொழியில் பழகிய கை முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருக்கலாம்; சி மொழிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. சி மொழியில் மெயினுக்கு முன்னால் ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெயர் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது. சி++ மொழியில் மெயின் ஒரு நேம்ஸ்பேஸின் அடைப்புக்குள் தவறுதலாகச் சிக்கியிருந்தால், கம்பைலர் நேம்ஸ்பேஸின் பெயரையும் கோத்து வேறொரு நீண்ட பெயராக அதை எழுதிவிடும். உலகளாவிய வெளியில் உள்ள மெயின் ஒன்றுக்குத்தான் பெயர் உருமாறுவதில்லை. நிபந்தனைக் கம்பைல் வரிகளுக்கு நடுவே மெயின் இருந்து அந்த நிபந்தனை பொய்யாகிவிட்டால், கம்பைலர் பார்க்குமுன்பே அது முன்செயலியால் வெட்டப்பட்டிருக்கும்.

இந்த மூன்றையும் பிரித்தறிய ‘என்எம்’ என்ற சிறு கருவி போதும். அது ஆப்ஜெக்ட் கோப்பின் பெயர்ப் பட்டியலை அச்சிடும். பெயருக்கு முன்னால் பெரிய ‘டி’ எழுத்து இருந்தால் அந்த ஃபங்ஷன் அங்கே இருக்கிறது, வெளியிலும் தெரிகிறது. சிறிய ‘டி’ இருந்தால் கோப்புக்குள் அடங்கியது. ஸ்டாட்டிக் என்று எழுதியதன் அடையாளம். ‘யு’ இருந்தால் அந்தக் கோப்பு அதை வேறெங்கிருந்தோ எதிர்பார்க்கிறது. சிஆர்டி1.ஓவின் மீதே என்எம்மை ஓட்டினால் மெயினுக்கு முன்னால் ‘யு’ இருப்பதைப் பார்க்கலாம். கேட்பவரின் பட்டியலும் கொடுப்பவரின் பட்டியலும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

மெயினை நிரலாளர் எழுதவே கூடாத நிரல்களும் உண்டு. கூகிள்டெஸ்ட் கொண்டு எழுதும் சோதனை நிரலில் மெயின் பெரும்பாலும் ‘ஜிடெஸ்ட்_மெயின்’ என்ற தனி லைப்ரரியிலிருந்து வருகிறது. சோதனைகளை மட்டும் எழுதி அந்த லைப்ரரியை இணைக்க மறந்தால் மெயின் இல்லை என்ற பிழை வரும். எல்எல்விஎம்மின் சோதனைக் கருவியான லிப்ஃபஸ்ஸர் கொண்டு எழுதும் நிரலிலும் மெயின் கருவியுடையது. அதற்கான சானிட்டைசர் தெரிவை விட்டுவிட்டால் அதே பிழை. இந்த இடங்களில் மெயின் ஒன்றைத் தானே எழுதிச் சேர்ப்பவர் பிழையை நீக்கிவிடுவார். ஆனால் சோதனைகள் ஒன்றுகூட ஓடாது.

விண்டோஸில் உடன்பாட்டுக்கு இன்னொரு கிளை உண்டு. அங்கே ஓடக்கூடிய கோப்பின் முகப்பில் நுழைவு முகவரியோடு சப்சிஸ்டம் என்ற எண்ணும் எழுதப்படுகிறது. 3 என்றால் கன்சோல் நிரல். 2 என்றால் ஜன்னல்களோடு ஓடும் நிரல். மைக்ரோசாஃப்ட் லிங்கர் முதல் வகைக்கு ‘மெயின்சிஆர்டிஸ்டார்ட்அப்’ என்ற தொடக்க ஃபங்ஷனையும் இரண்டாம் வகைக்கு ‘வின்மெயின்சிஆர்டிஸ்டார்ட்அப்’ என்பதையும் நுழைவுப் புள்ளியாக எடுக்கிறது. முதலாவது மெயினைக் கேட்கும். மற்றது வின்மெயினைக் கேட்கும். மெயினைச் சரியாக எழுதிய ஒருவர் சப்சிஸ்டத்தை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால், தன் நிரலில் எங்கும் இல்லாத வின்மெயினைக் காணவில்லை என்று எல்என்கே2019 வரும். திருத்த வேண்டிய இடம் நிரல் அல்ல. திட்டத்தின் பண்புகளில் லிங்கர் பிரிவில் உள்ள சப்சிஸ்டம் வரி. சப்சிஸ்டம் குறிப்பிடப்படாவிட்டால், நிரலில் மெயின் இருக்கிறதா வின்மெயின் இருக்கிறதா என்று பார்த்து லிங்கரே வகையைத் தீர்மானிக்கும். இரண்டும் இல்லாதபோது தீர்மானிக்க ஆதாரம் இருக்காது. எல்என்கே1561 பெரும்பாலும் அப்படி வருவதே.

ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மின்ஜிடபிள்யூவைப் பயன்படுத்துவோர் காணும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு வின்மெயின்@16’ என்ற செய்தி இதைவிட விசித்திரமானது. எளிய கன்சோல் நிரலை எழுதி மெயினின் எழுத்தைப் பிசகிய மாணவருக்கு, கேள்வியே பட்டிராத வின்மெயினின் பெயரில் பிழை வருகிறது. மின்ஜிடபிள்யூவின் லைப்ரரியில் மாற்றாள் மெயின் ஒன்று இருக்கிறது. நிரலாளர் மெயின் எழுதியிருந்தால் லிங்கர் அந்த மாற்றாளைத் தொடுவதில்லை. எழுதாவிட்டால் அதை இழுத்துக்கொள்ளும். அந்த மாற்றாளின் ஒரே வேலை வின்மெயினை அழைப்பது. எனவே மெயினைக் கேட்ட குரல் அடங்கி, வின்மெயினைக் கேட்கும் குரல் எழுகிறது. பெயரின் வாலில் உள்ள 16க்கும் பொருள் உண்டு. 32 பிட் விண்டோஸின் எஸ்டிடிகால் முறையில் ஃபங்ஷனின் பெயரோடு அதன் அளபுருக்கள் ஸ்டாக்கில் பிடிக்கும் பைட்டுகளின் எண்ணிக்கையும் ஒட்டப்படும். வின்மெயினுக்கு நான்கு அளபுருக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டுகள். விளையாட்டு நிரல்களுக்கான எஸ்டிஎல்2 லைப்ரரியும் இந்த இடத்தில் கை வைக்கிறது. அதன் தலைப்புக் கோப்பு, மெயின் என்று எழுதியதை மேக்ரோ வழியாக ‘எஸ்டிஎல்_மெயின்’ என்று மாற்றிவிடும். உண்மையான நுழைவு ‘எஸ்டிஎல்2மெயின்’ என்ற துணை லைப்ரரியில் இருக்கும். அதை இணைக்க மறந்தாலும், இணைக்கும் வரிசையில் மின்ஜிடபிள்யூ லைப்ரரிக்கு முன்னால் வைத்துவிட்டாலும், திரையில் மெயின் பளிச்சென்று தெரியும்போதே நுழைவு இல்லை என்று பிழை வரும்.

மேக் கணினியில் லிங்கர் இன்னும் வெளிப்படையாகப் பேசும். ‘_மெயின்’ என்ற பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லி, அதைக் கேட்டது முதன்மை நிரலின் மறைமுக நுழைவு என்பதையும் சேர்த்துச் சொல்லும். முன்னால் உள்ள அடிக்கோடு பிழையல்ல. மேக்கின் கோப்பு வடிவமான மாக்-ஓவில் சி பெயர்கள் எல்லாவற்றுக்கும் கம்பைலர் அதைச் சேர்க்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம், கேட்பவர் இருந்து கொடுப்பவர் இல்லாத நிலைமைகள். கேட்பவரே இல்லாத நிலைமை வேறு. அசெம்பிளி மொழியில் எழுதி லினக்ஸின் லிங்கரான ‘எல்டி’யை நேரடியாக அழைப்பவர்களும், ‘-நோஸ்டார்ட்ஃபைல்ஸ்’ என்று கொடுத்துத் தொடக்கக் கோப்புகளை விலக்குபவர்களும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். சிஆர்டி1.ஓ இல்லை; ஆகவே மெயினை யாரும் கேட்பதில்லை; _ஸ்டார்ட்டும் இல்லை. எல்டி ஒரு முறைப்படி தேடுகிறது. கட்டளை வரியில் ‘-இ’ தெரிவில் சொன்ன பெயர், லிங்கர் ஸ்கிரிப்டில் ‘என்ட்ரி’ என்று சொன்ன பெயர், அந்தத் தளத்துக்கு வழக்கமான பெயர் என்று பார்த்து, எதுவும் கிடைக்காவிட்டால் கட்டளைப் பகுதியின் முதல் பைட்டையே நுழைவாக வைத்துக்கொள்வது அதன் வழக்கம். இதைப் பிழையாகச் சொல்லாமல் எச்சரிக்கையாக மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பை உண்டாக்கிவிடும். முதல் பைட்டில் தற்செயலாகச் சரியான ஃபங்ஷன் இருந்தால் நிரல் ஓடும். நாளைக்குக் கோப்புகளின் வரிசை மாறினால் வேறொன்று ஓடும். மெயின் இல்லை என்ற பிழை ஆளை நிறுத்துவதால் பாதுகாப்பானது. இந்த எச்சரிக்கை நிறுத்தாததால்தான் தீங்கானது. அசெம்பிளியில் இதற்குத் தீர்வு, _ஸ்டார்ட் என்ற பெயரை எழுதுவதோடு அதை ‘குளோபல்’ என்று அறிவிப்பது. _ஸ்டார்ட்டிலிருந்து திரும்பிப் போக இடம் கிடையாது. அதை அழைத்த ஃபங்ஷன் என்று யாரும் இல்லை. முடிக்கும்போது கெர்னலிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும்; 64 பிட் இன்டெல் லினக்ஸில் அதற்கான அழைப்பு எண் 60.

இயங்குதளமே இல்லாத சில்லுகளில் கேட்பவர் வன்பொருள். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லு மின்சாரம் வந்ததும் ஒரு அட்டவணையைப் படிக்கிறது. அதன் முதல் சொல் ஸ்டாக்கின் தொடக்க முகவரி; இரண்டாவது, ரீசெட் ஹேண்ட்லர் என்ற ஃபங்ஷனின் முகவரி. எஸ்டிஎம்32 சில்லுகளுக்கு எழுதுவோர், ரீசெட்_ஹேண்ட்லர் கிடைக்கவில்லை, 08000000 என்ற முகவரி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்ற எச்சரிக்கையைக் காண்பதுண்டு. அது சில்லின் ஃப்ளாஷ் நினைவகம் தொடங்கும் இடம். தொடக்க அசெம்பிளிக் கோப்பு கம்பைல் பட்டியலில் சேராமல் போவதே வழக்கமான காரணம். சில்லு இஎல்எஃப் முகப்பைப் பார்ப்பதில்லை என்பதால் இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பயன்படாத பகுதிகளை நீக்கும் ‘ஜிசி-செக்‌ஷன்ஸ்’ தெரிவு இருந்தால் கதை வேறு. எது பயன்படுகிறது என்பதை லிங்கர் நுழைவுப் புள்ளியிலிருந்து கிளை பிடித்துத்தான் கணக்கிடுகிறது. நுழைவு இல்லையென்றால் எதற்கும் பயன் இல்லை. நிரலில் பெரும்பகுதி நீக்கப்பட்டு, ஏறக்குறைய வெறுமையான கோப்பு ஒன்று வெற்றிகரமாக உருவாகும்.

சி மொழிக்கான 1989ஆம் ஆண்டின் தரம் இந்த இரு உலகங்களையும் முன்கூட்டியே பிரித்து வைத்தது. இயங்குதளத்தின் நிழலில் ஓடும் நிரலுக்குத் தொடக்க ஃபங்ஷனின் பெயர் மெயின். இயங்குதளம் இல்லாமல் ஓடுவதற்கு அந்தப் பெயரும் வகையும் அந்தந்தக் கம்பைலரின் முடிவு. பிற்கால மொழிகள் பலவும் சரிபார்க்கும் பொறுப்பை இடம் மாற்றின. ரஸ்ட்டில் மெயின் இல்லாவிட்டால் இ0601 என்று கம்பைலரே சொல்லும். சி# கம்பைலர் சிஎஸ்5001 என்று சொல்லும். ஜாவாவில் கம்பைல் எந்தத் தடையும் இல்லாமல் முடிந்து, ஓட்டும் நேரத்தில்தான் மெயின் மெத்தட் கிடைக்கவில்லை என்று தெரியவரும். முன்னே பிடித்தாலும் பின்னே பிடித்தாலும் உடன்பாடு அதேதான்; அதை எந்தக் கட்டத்தில் சோதிப்பது என்பதில் மட்டுமே மொழிகள் வேறுபடுகின்றன.

பிழையை வாயடைக்கும் தீர்வுகள் சில உண்டு. உடல் வெறுமையான மெயின் ஒன்றை எழுதிச் சேர்ப்பது அவற்றில் எளியது. லிங்கர் திருப்தியாகிவிடும், நிரல் ஓடி உடனே முடிந்துவிடும், விடுபட்ட கோப்பு விடுபட்டதாகவே இருக்கும். தீராத பெயர்களைக் கண்டுகொள்ளாதே என்று லிங்கருக்குச் சொல்லும் தெரிவும் உண்டு. அப்போது மெயினின் முகவரி பூஜ்யமாகிவிடும். நிரல் ஓட்டியதும் விழும். தொடக்கக் கோப்புகளை விலக்கி ‘-இ மெயின்’ என்று நுழைவை மெயினுக்கே திருப்புவது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். மெயினோ ஒருவர் தன்னை அழைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. 64 பிட் லினக்ஸில் அது வேலையை முடித்துத் திரும்பும்போது ஸ்டாக்கின் உச்சியில் திரும்பும் முகவரி இருக்காது. கட்டளை வரிச் சொற்களின் எண்ணிக்கை இருக்கும். பெரும்பாலும் அது 1. முகவரி 1க்குத் தாவி நிரல் சாகும். விஷுவல் ஸ்டுடியோவில் நுழைவு என்ற வரியில் மெயினை எழுதினால் சி லைப்ரரியின் முன்னேற்பாடுகள் நடக்காது. உலகளாவிய பொருட்கள் உருவாகாமலே அவற்றைத் தொடும் வரிகள் ஓடும். அதே வரியில் மெயின்சிஆர்டிஸ்டார்ட்அப் என்று எழுதி சப்சிஸ்டத்தை ஜன்னல் வகையாக வைப்பது முறையான வழி. கறுப்புக் கன்சோல் ஜன்னல் இல்லாமல் மெயின் ஓடும். சங்கிலியின் எந்தக் கண்ணியும் அதில் விடுபடுவதில்லை.

ஆகவே இந்தப் பிழையைத் திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. உருவாக வேண்டியது ஓடும் நிரலா, லைப்ரரியா என்பது முதலில். லைப்ரரியானால் கேட்பவரை விலக்கினால் போதும். ஓடும் நிரலானால், செய்தியில் கேட்பவர் யார், அவர் கேட்கும் பெயர் மெயினா, வின்மெயினா, _ஸ்டார்ட்டா, ரீசெட் ஹேண்ட்லரா என்பதைப் படிக்க வேண்டும். அந்தப் பெயர் தவறானதாகத் தோன்றினால் திருத்தம் லிங்கரின் அமைப்பில் இருக்கிறது. பெயர் சரியானதென்றால் அதை வைத்திருக்க வேண்டிய ஆப்ஜெக்ட் கோப்பு லிங்கரின் கட்டளை வரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், என்எம் கொண்டு அதன் பட்டியலில் அந்தப் பெயர் அதே எழுத்துகளில், வெளியே தெரியும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகும் அந்தப் பெயர் எங்கும் கிடைக்காவிட்டால் மட்டுமே மெயினைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.